பயந்தால் பேசுகிறவளும் பயந்தால் பேசாதவரும்

எனக்குப் பயம் வந்தால் பேச்சு கூடிவிடும். என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தால் இருக்கிற கொஞ்சப் பேச்சும் நின்றுவிடும். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும் என்பது கல்யாணமாகி மகள் காலேஜுக்குப் போகிற வயது வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்த நேரம் அவர் குவைத்தில் ஒரு கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தார். நான் அறந்தாங்கிப் பக்கம் என் மாவு மில்லில் மிளகாய் நெடிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் மில்லுக்கு வருகிற வாய்களிடம்தான். மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் தொண்டை அகலமாகிவிட்டது. அரிசி, மல்லி, மிளகாய் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது சும்மாவா நிற்பார்கள்? ஆளுக்கொரு சொலவடை விழும். நான் பொறுக்கிக்கொள்வேன். அப்படிப் பொறுக்கினதில் ஒரு விசயம் எனக்கு வெகுநாளாக வேடிக்கையாக இருந்தது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொன்ன அதே ஆள், மறுவாரம் "நுணலும் தன் வாயால் கெடும்" என்பார். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார், மறுமூச்சில் "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பார். எது சரி என்று கேட்டால், "ரெண்டும் சரிதான், மாவை நல்லாச் சலிச்சுக் குடு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆண் வெளிநாட்டில் இருப்பார். யார் எப்போது லீவு முடிந்து கிளம்புகிறார் என்பது ஏர்போர்ட்டுக்குத் தெரிவதற்கு முன்பே என் மில்லுக்குத் தெரிந்துவிடும். வறுத்து ஆறவைத்த மல்லியும் மிளகாயும் பாத்திரம் நிறைய வந்து இறங்கினால், அந்த வீட்டு ஆள் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். குழம்புப் பொடி இல்லாமல் யாரும் விமானம் ஏறியதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அங்கே இருக்கிற ஆளிடம் இங்கிருந்து கெட்ட சேதி சொல்லக் கூடாது. தனியாகக் கிடந்து புலம்புவாரே என்கிற இரக்கம்தான் அதற்குக் காரணம். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மகனுக்குச் சொன்னார்கள். அதுவரைக்கும் அவன் போனில் கேட்டபோதெல்லாம், "அப்பா வயலுக்குப் போயிருக்காருப்பா" என்றே சொல்லிவந்தார்கள். அங்கே இருக்கிறவர்களும் இதே கணக்குத்தான் பார்ப்பார்கள். வீடு பயந்துபோகும் என்று எதையும் சொல்ல மாட்டார்கள். ஆக, இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நல்ல சேதியாகவே பேசிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பர். அளந்து பேசுகிற மனுசன். ஒரு ஆணி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. வாங்கின வேலையைப் பாதியில் விட்டார் என்கிற பேச்சே கிடையாது. அவர் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது பத்திரத்தில் எழுதின மாதிரி.

மகள் புதுக்கோட்டையில் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். வேலைக்கு எடுக்கிற கம்பெனிகள் வருமுன் பிள்ளைகளுக்கு ஏதோ டிரெய்னிங் கொடுத்தார்களாம். அதில் ஆளுடைய குணம் என்ன வகை என்று பார்க்கிற கேள்விகள் இருந்தனவாம். மொத்தம் பதினாறு வகை, ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து என்று விளக்கினாள். தனக்குப் பார்த்து முடித்ததும் அவளுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. மில் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டாள். கூட்டத்துக்குள் இருந்துவிட்டு வந்தால் தெம்பு வருமா, களைப்பு வருமா என்றாள். கூட்டம் இல்லாத நாள்தான்டி எனக்கு உடம்பு வலிக்கும் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அப்பாவையும் விடவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு கேள்வி வந்தது. மனதுக்குக் கஷ்டம் என்றால் மற்றவரிடம் சொல்வீர்களா என்று.

"சொன்னாத் தீந்துருமா பாப்பா?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் முடிவு வந்தது. பலம் ஒரு பக்கம், பலவீனம் ஒரு பக்கம். எனக்கு: மனுசரோடு ஒட்டுவது, அன்பாகப் பேசுவது, சூழலைக் கலகலப்பாக்குவது. எதிர்ப்பக்கத்தில்: கசப்பான விசயத்தைக் கேட்கத் தாங்காது, பேச்சால் மூடிவிடும். அவருக்கு: பொறுப்பு, பொறுமை, சொன்ன சொல் காப்பது. எதிர்ப்பக்கத்தில்: தன் கஷ்டத்தை வெளியில் சொல்லாது, சுமையை இறக்கி வைக்கத் தெரியாது. எல்லாம் சரி, பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவரிடம் இதைக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் கேலி செய்தேன். எப்போதும் என் கேலிக்கு "ம்" என்று மட்டும் சொல்கிறவர் அன்றைக்கு, "அதுல எழுதியிருக்கிறது நிசந்தான்" என்றார். அதையும் தாண்டி நான் பேசிக்கொண்டே போனேன்.

போனை வைத்த பிறகு மகள் சொன்னது ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. இது சாமி வாக்கு இல்லை, ஆள் மாறலாம், முத்திரை குத்தி வைக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்களாம். கூடவே இன்னொன்றும் சொன்னார்களாம்.

"நெருக்கடி வந்தா ஒவ்வொருத்தரும் தனக்கு எது கைவந்ததோ அதையேதான் இன்னும் கூடுதலாச் செய்வாங்களாம்மா. பலம்தான் அப்போ பள்ளத்துல தள்ளுமாம்."

அதற்குக் கொஞ்ச நாளில் அவரோடு ஒரே ரூமில் இருந்த தம்பி லீவில் வந்தான். திருமயம் பக்கத்துக்காரன், என்னை மதினி என்று கூப்பிடுவான். வழக்கம்போல ஒரு பார்சல் கொண்டுவந்தான். சோப்பு, தைலம், போர்வை, மகளுக்கு ஒரு பேக். அடியில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. புதுசு. அவர் அளவு. இதை எதற்கு அனுப்பினார் என்று கேட்டேன். கம்பெனியில் வேறு ஷூ கொடுத்துவிட்டார்கள் மதினி, இதை உங்கள் தம்பிக்குக் கொடுக்கச் சொன்னார் என்றான். பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்த மாதிரி வந்தது. என் கூடப்பிறந்த தம்பிக்கு ஷூவைக் கொடுத்தேன். அவனும் சந்தோசமாகப் போட்டுக்கொண்டு போனான்.

ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தது. பயம் ஒரே மூச்சில் வரவில்லை. தண்ணீர்க் குடத்தில் கீறல் விழுந்தால் முதலில் தரைதானே ஈரமாகும், அப்படி வந்தது. அவர் நடந்துகொண்டே பேசுகிற ஆள். ரூமிலிருந்து பக்காலா என்று அங்கே சொல்கிற பலசரக்குக் கடை வரைக்கும் நடந்து போகிற நேரம்தான் எங்கள் பேச்சு நேரம். வீடியோவில் அவர் முகம் ஆடிக்கொண்டே வரும், பின்னால் மணலும் கட்டடமும் ஓடும். இப்போதெல்லாம் முகம் ஆடவில்லை. சில வாரம் முகமே இல்லை, மேலே சுற்றுகிற ஃபேன் மட்டும் தெரிந்தது. வெயில் ஜாஸ்தி, அதனால் நடக்கவில்லை என்றார். குளிர் தொடங்கிவிட்ட மாதம் அது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் அடுத்த தெருவில் ஒருவர் இருந்தார். கால் கட்டை விரலில் ஒரு சின்னப் புண், முள் குத்தினது என்றார். விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. கடைசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டம்மா மில்லுக்கு வரும்போதெல்லாம், "சொன்னாரா பாவி, சாக்ஸுக்குள்ளயே மறச்சு வச்சிருந்தாரே" என்று சொல்லிச் சொல்லி அழுவார். அந்தப் பேச்சு எனக்குப் பகலிலேயே காதில் கேட்க ஆரம்பித்தது.

நான் அவரிடம் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டேன். மில்லுக்குள் போவதும் வருவதுமாக அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் முன்னைக்குப் பல மடங்கு பேசினேன். என்ன இன்னைக்கு ஒரே குசாலா இருக்கே என்று ஒரு அக்கா கேட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது.

லீவு முடிந்து திருமயத்துத் தம்பி கிளம்புகிற நாள் வந்தது. அவன் வீட்டுப் பொடியை வாங்க வந்தான். என் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு பொடி கட்டி வைத்திருந்தேன். கூடவே புது வேட்டி ஒன்றும் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் தயங்கினான்.

"மதினி, புதுசு வேணாம்னாரு அண்ணன். துவைச்சுத் துவைச்சு நைஞ்சு போன பழைய வேட்டி இருந்தா ரெண்டு குடுத்துவிடச் சொன்னாரு."

பழைய வேட்டி எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் நைந்த வேட்டியைக் கிழிப்பது இரண்டு காரியத்துக்குத்தான். பிறந்த பிள்ளைக்கு விரிக்க, இல்லையென்றால் புண்ணுக்குக் கட்ட. பீரோவைத் திறந்து இரண்டு பழைய வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் எப்படி இருக்காரு என்று கேட்டேன். நல்லா இருக்காரு மதினி, உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வண்டியை எடுத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு அங்கே ஒன்று ஆகியிருந்தால், அவன் பெண்சாதியிடம் என் வீட்டுக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். கால் எப்படி இருக்கு, நல்லாத்தானே இருக்கு, மாத்திரை போடுறீங்கள்ல, போட்டுருவீங்க எனக்குத் தெரியும், சாப்பாடெல்லாம் ஒழுங்கா, சரி சரி, பொடி வருது, தம்பிகிட்டக் குடுத்திருக்கேன், பாப்பா படிக்கிறா, மில்லு பெல்ட் மாத்தணும். இவ்வளவும் ஒரே மூச்சு. அவர் நடுவில் "ம்" என்றார். வேட்டியைப் பற்றிக் கேட்கத்தான் போன் செய்தேன். அதை மட்டும் கேட்காமல் வைத்துவிட்டேன்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒனக்குத் தெரியுதா? அப்பா வாயைத் தொறக்குறதுக்குள்ள ஒனக்கு வேணும்கிற பதிலை நீயே சொல்லிட்டு வச்சுட்ட."

நான் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வெள்ளிக்கிழமை இப்படிக் கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவருக்குச் சொல்ல வராது. எனக்குக் கேட்கத் தாங்காது. அவர் பொறுமைக்கு என் பேச்சு நல்ல மறைப்பு. என் பயத்துக்கு அவர் மௌனம் நல்ல மறைப்பு. ஊரெல்லாம் அவரைப் பொறுமைசாலி என்றது, என்னைக் கலகலப்பானவள் என்றது. அந்த இரண்டு நல்ல பெயரும் சேர்ந்து அவர் காலை மூடி வைத்திருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது. மகள்தான் வழி சொன்னாள். ஒரே ஒரு கேள்வி கேள், அப்புறம் வாயைத் திறக்காதே, அப்பா பேசுகிற வரைக்கும் பொறு என்றாள். இது ஒரு பெரிய வேலையா என்று நீங்கள் கேட்கலாம். பேசத் தெரிந்தவளிடம் பேசாதே என்பது, நீச்சல் தெரிந்தவனைத் தண்ணீரில் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் காலை ஆட்டாதே என்பது போல.

மத்தியானம் மோட்டாரை நிறுத்தினேன். அது நின்றால் ஒரு அமைதி வரும் பாருங்கள், சுவரே காது வைத்துக் கேட்கிற மாதிரி. மகள் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் எடுத்தார். திரையில் ஃபேன் சுற்றியது.

"உங்க கால்ல என்னங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார்.

எப்போதுமென்றால் இந்த இடத்தில் நான் "அதானே" என்றிருப்பேன். வாயை மூடிக்கொண்டேன். ஃபேன் சுற்றியது. அங்கே யாரோ குழாயைத் திறந்து மூடுகிற சத்தம். மில்லில் கூட்டமா என்றார். நான் பேசவில்லை. பாப்பா எங்கே என்றார். மகளும் பேசவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஓடினதையெல்லாம் எழுத முடியாது. வெட்டின கால், சக்கர நாற்காலி, ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிற பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒரு வார்த்தை பேசிவிட்டால் இதெல்லாம் போய்விடும் என்று தோன்றியது. பேசினால் எனக்குத்தான் போகும், அவருக்குப் போகாது என்றும் தோன்றியது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க."

மறுபடி ஃபேன். அப்புறம் படம் ஆடியது. அவர் முகம் வந்தது. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, வேறு யாரோ போல இருந்தார்.

"அந்தப் புது ஷூ கடிச்சிருச்சு. சுண்டு வெரல்ல கொப்புளமாத்தான் இருந்துச்சு. சரியாப் போயிரும்னு விட்டுட்டேன். இப்ப பக்கத்து வெரலும் கறுத்துப் போச்சு. டாக்டர் ஒடனே ஆஸ்பத்திரியில சேருங்கன்னாரு. ஸ்டாக் எடுக்குற நேரம், நான் இல்லாட்டி குடோன யாரு பாக்குறது? முடிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

மூச்சு விட்டார். என் மகளின் விரல்கள் முழங்காலில் அழுந்தின.

"பயமா இருக்கு புள்ள."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆயிரம் வார்த்தை வாய்க்கு வந்தது. ஏன் சொல்லலை, யாருக்காக மறைச்சீங்க, எனக்குன்னு யாரு இருக்கா. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"நாளைக்கே சேந்துருங்க."

குடோன் என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அவரிடமிருந்து கடன் வாங்கினது, அதை வைத்து அவரையே மடக்கினேன். ஃபேன் எத்தனை சுற்று சுற்றியதோ.

"சரி. சேர்றேன்," என்றார்.

நான் சொன்னேனே, அவர் சரி என்றால் சரிதான். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அந்தப் பிடிவாதமான பொறுப்புத்தான் அவரை அவ்வளவு நாள் குடோனில் நிறுத்தி வைத்தது. சொல் கொடுத்த பிறகு அதுவேதான் அவரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனது.

என் வாயை அதற்கப்புறம் நான் கட்டி வைக்கவில்லை. ஊர்ப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு, மில்லுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிறவரைப் பற்றி இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொல்லலாமா, வாயில் நல்லதே வரட்டும் என்று ஒரு பெரியம்மா கண்டித்தார். ஆனால் அவரே போகும்போது குரலைத் தாழ்த்தி, என் தங்கச்சி மகன் அங்கே ஆஸ்பத்திரி வேலைதான், நம்பர் தாரேன் என்றார். அரிசி திரிக்க வந்த ஒருத்தியின் அண்ணன் அதே ஊரில் டாக்சி ஓட்டினார். திருமயத்துத் தம்பியிடம் போனில் நாலு வார்த்தை கடிந்தேன். அவன் அழுதேவிட்டான், மன்னிச்சிருங்க மதினி, அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு என்றான். இப்படி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், அவர் கட்டிலைச் சுற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்.

ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலோடு நிற்கலாம், பாதம் வரைக்கும் போகலாம், அதற்கு மேலேயும் போகலாம். ஆபரேஷன் அன்றைக்கு வீட்டில் இருக்க முடியாமல் மில்லைத் திறந்தேன். மகள் காலேஜுக்குப் போகவில்லை. ஒருத்தர் மிளகாய் அரைத்து முடித்ததும் மெஷினைத் துடைக்காமல் அடுத்தவருடைய பச்சரிசியைக் கொட்டிவிட்டேன். மாவு செக்கச்செவேலென்று விழுந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. அரிசிக்காரி திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, காரக் கொழுக்கட்டை செஞ்சுக்கிறேன் விடு என்றாள். அன்றைக்குப் பேச்சே வரவில்லை. எல்லை தாண்டின பயத்துக்கு எந்த வகையும் கிடையாது போல.

போன் அடித்தது. அவர் நம்பர். வேறு யாராவது பேசுவார்கள் என்று காதில் வைத்தேன்.

"நான்தான்," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். "ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. பாதம் இருக்கு. இன்னும் ஆறணும், ஆறுனாத்தான் நிச்சயம்னு சொல்றாங்க. வலிக்குது."

வலிக்குது என்றும் சொன்னார். நான் "ம்" என்றேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஏன் பேசாம இருக்க? ஏதாச்சும் பேசு. கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. மெஷினடியில் குவிந்திருந்த சிவப்பு மாவைப் பார்த்தேன். இன்னைக்கு என்ன பண்ணித் தொலைச்சேன் தெரியுமாங்க, ஒருத்தி பச்சரிசி கொண்டாந்தா என்று ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது. நிறுத்திவிட்டேன்.

"அப்பறம்?" என்றார்.